டீ சைக்கிளுக்கு ஜெபராணி சுற்றிய மோட்டார்

ஜெபராணி எண்ணிக்கொண்டிருக்கும்போது யாரும் பேசக் கூடாது. சிங்காநல்லூரில் அவள் வேலை பார்க்கிற போர்வெல் மோட்டார் கம்பெனியில் முதலாளி முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரைக்கும் இது தெரியும். மோட்டாரின் அசையாத இரும்பு உடலான ஸ்டேட்டரை முன்னால் வைத்துக்கொண்டு, அதன் பல்லிடுக்கு ஸ்லாட்டுக்குள் செப்புக் கம்பியை விட்டு இழுத்து விட்டு இழுத்து, “நாப்பத்தி மூணு, நாப்பத்தி நாலு” என்று உதடு அசையச் சுற்றிக்கொண்டிருப்பாள். அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தவர்கள் தொலைந்தார்கள். சுற்றினது மொத்தத்தையும் உருவிப்போட்டு, “இப்பச் சொல்லுங்க, அப்படி என்ன தலை போற காரியம்?” என்று கேட்பாள். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. அவள் சுற்றின மோட்டார்கள் பல்லடத்திலும் காங்கயத்திலும் கொடுமுடியிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்குள் கிடந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் ஒன்றுகூடச் சுற்று சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. இதை அவளே சொல்லுவாள். யாரும் கேட்காமலே சொல்லுவாள்.

அப்பேர்ப்பட்ட ஜெபராணி, சொந்த வீட்டுக்காரருக்குச் சுற்றின மோட்டாரில்தான் கோட்டை விட்டாள்.

வீட்டுக்காரர் பெயர் சந்தியாகு. டீ வியாபாரம். கடை கிடையாது, சைக்கிள்தான் கடை. ஒண்டிப்புதூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் லேத் பட்டறை, வெல்டிங் பட்டறை, வார்ப்படப் பட்டறை என்று பதினேழு இடம் அவருக்கு வாடிக்கை. காலையில் பத்தரைக்கு ஒரு நடை, மத்தியானம் மூன்றரைக்கு ஒரு நடை. கேரியரில் டீ கேன், ஹேண்டிலில் பன் பை. ‘அதான் ஊருக்கெல்லாம் ஸ்கூட்டர் வந்துவிட்டதே, இந்த மனுஷன் ஏன் இன்னும் சைக்கிளைப் போட்டு மிதிக்கிறார்’ என்று கேட்பீர்கள். அவரும் ஒரு காலத்தில் லேத்தில் நின்றவர்தான். இரும்புச் சுருள் தெறித்து இடது கண் போய்விட்டது. லைசென்ஸ் எடுக்க இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் திரும்பி வந்தார். மூன்றாம் தடவை போக ரோஷம் விடவில்லை. சைக்கிளுக்கு யார் லைசென்ஸ் கேட்கிறார்கள்? இருபது வருஷம் மிதித்தார்.

இந்த வருஷம் குருத்தோலை ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால், பாலத்தின் பாதி ஏற்றத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேர்வை ஊற்றுகிறது, கை தூக்க முடியவில்லை. பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போயின. குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று நினைத்திருப்பார்கள், பாவிகள். கடைசியில் காய்கறி ஏற்றிவந்த மினி ஆட்டோக்காரர் ஒருவர்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். அவருடைய மாதா கோயிலிலும் மெழுகுவர்த்தி எரிந்தது, அவளுடைய சி.எஸ்.ஐ. சபையிலும் ஜெபம் நடந்தது. கல்யாணத்தில் ஒன்று சேராத இரண்டு கோயிலும் இதில் ஒன்று சேர்ந்தன.

இரண்டு மாசம் கழித்து டாக்டர் சொன்னார், “சைக்கிள் ஓட்டலாம், நல்லதுதான். ஆனா பாரத்தை வெச்சுட்டு மேடு ஏற மிதிக்கக் கூடாது.” அந்தக் ‘கூடாது’ என்பதை மட்டும் சந்தியாகு கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

காலையில் எழுந்து குளிப்பார், சட்டை மாட்டுவார், தலை வாருவார், வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். அவ்வளவுதான். கேட்டைத் தாண்ட மாட்டார். ஜெபராணி கம்பெனிக்குக் கிளம்பினால் முகம் சுண்டிப்போகும். பதினோரு மணிக்குள் நாலு போன் வந்துவிடும்.

“ஜெபா, எங்கிருக்கே?”

“கம்பெனியிலதானுங்க. நெலாவுலயா இருப்பேன்?”

“பொழுதோட வந்துரு.”

போனை வைத்துவிட்டு மற்ற பெண்களோடு சேர்ந்து அவளும் சிரிப்பாள். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். சாவு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனதுகூட அவளுக்குப் பெரிதில்லை. பதினேழு பட்டறையில் சத்தம் போட்டுச் சிரித்துத் திரிந்த ஆள், முந்தானையைப் பிடித்த குழந்தை மாதிரி ஆகிப்போனதுதான் தாங்க முடியவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மனுஷன் பழையபடி தனியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போகணும்.

கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான் வரும். “போவோணுமுன்னுதான் இருக்குது ஜெபா. பாலம் ஏற முடியாதே, டாக்டரே சொல்லிப்போட்டாரு.”

“பாலந்தானுங்களே? ஏத்திக் காட்டறேன்,” என்றாள் ஜெபராணி.

போத்தனூரில் மகள் லின்சி வீட்டில் ஒரு மின்சார சைக்கிள் இருந்தது. மருமகன் ஜெப்ரி உடம்பைக் குறைக்கிறேன் என்று ஆசையாய் வாங்கி, நாலே நாள் ஓட்டி, அதற்கப்புறம் அதன்மேல் துணி காயப் போட்டிருந்தார். ஜெபராணி போய் அதிலிருந்து மோட்டார் வைத்த சக்கரம், பேட்டரி, கன்ட்ரோலர், திருகுகிற த்ராட்டில் எல்லாவற்றையும் கழற்றி மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மூட்டையை வாசல்வரைக்கும் தூக்கிவந்து கொடுத்ததுதான் ஜெப்ரி அந்த சைக்கிளால் செய்த ஒரே உடற்பயிற்சி.

கம்பெனி லேத்காரர் கதிர்வேல் உதவியில் மோட்டாரைச் சந்தியாகுவின் கறுப்பு சைக்கிளுடைய பின் ரிம்மோடு சேர்த்து ஸ்போக் கோத்தாள். அச்சு சுழன்று பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க இரும்புப் பட்டையில் ஒரு பிடிமானம் செய்து முடுக்கினாள். பேட்டரியை நடுக் கம்பியில் பெல்ட் போட்டுக் கட்டினாள். டீ கேன் உட்கார முன்னால் ஒரு கூடு வெல்டிங் வைத்தாகிவிட்டது. கதிர்வேல் ஓட்டிப் பார்த்தார். சமதரையில் வண்டி ஜம்மென்று போனது. கேனில் தண்ணீர் நிரப்பிப் பாலத்தில் ஏற்றினால் முக்கால் வழியில் முனகிக்கொண்டு நின்றது.

இது அவளுக்குத் தெரிந்த வியாதி. சுற்றைக் கூட்டினால் இழுவை கூடும், வேகம் குறையும். கிணற்றுக்கும் அதே கணக்கு, சைக்கிளுக்கும் அதே கணக்கு. மோட்டாரைப் பிரித்தாள். செய்தவன் ஸ்டேட்டரின் ஒவ்வொரு பல்லிலும் பத்துச் சுற்று வைத்திருந்தான். இவள் மொத்தத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகாமல், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பதினாலு பதினாலாகச் சுற்றினாள். சந்தியாகு பக்கத்தில் நின்று பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. எண்ணும்போது பேசக் கூடாது என்பதனால் இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் அவளே சுடிதார் மாட்டிக்கொண்டு ஓட்டினாள். நாற்பத்தொன்பது வயசு. சைக்கிள் தொட்டு முப்பது வருஷம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு நாச்சியம்மாள் அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு, “ஏனம்மணி, இந்த வயசுல உழுந்து வாரப் போறியா?” என்றார். “உழுந்தா நீங்க வந்து தூக்குங்கக்கா,” என்று சொல்லிவிட்டு ஜெபராணி போய்விட்டாள்.

பாலத்தில் வண்டி ஏறியது. முதல் ஏற்றம், பாதி ஏற்றம். ‘பார்த்தியா, யாரு சுத்துனது!’ என்று அவள் மனசுக்குள் துள்ளிக்கொண்டிருந்தபோதே மூக்கில் ஒரு நாற்றம் அடித்தது. பிளாஸ்டிக் வாளியை அடுப்பில் வைத்தாற்போல. வண்டி இரண்டு வெட்டு வெட்டி நின்றது. இறங்கிச் சக்கரத்தின் நடுவில் கை வைத்தாள். சுரீர் என்றது.

நடுப்பாலத்தில், காற்று துப்பட்டாவைப் பிய்க்க, ஜெபராணி தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். போர்வெல் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே வாழ்கிற ஜென்மம். அதனால் அதன் கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கும். சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். இருபத்தாறு வருஷமாக அந்தக் கம்பியைத் தவிர வேறு கம்பியை அவள் கை தொட்டதில்லை. சைக்கிள் மோட்டாருக்கும் பழக்கதோஷத்தில் அதையே சுற்றிப்போட்டாள். இது தண்ணீரையா பார்க்கப் போகிறது? வெயிலில் நிற்கிற ஆளுக்குக் கம்பளி போர்த்திவிட்ட மாதிரி, சூடு வெளியே போக வழியில்லாமல் உறை உருகிக் கம்பியோடு கம்பி ஒட்டிக்கொண்டது.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேரும்வரை அவளுக்கு மனசு விட்டுப்போகவில்லை. தப்பு தெரிந்துவிட்டதே, திருத்திக்கொள்ளலாம். மனசு விட்டுப்போனது வாசலில்தான்.

சந்தியாகு நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். சக்கரத்தைப் பார்த்தார். “எரிஞ்சு போச்சுங்களா அம்மணி?” என்று மெல்லக் கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். வருத்தப்பட்டு விடுகிற மூச்சு எது, தப்பித்தோம் என்று விடுகிற மூச்சு எது என்று இருபத்தெட்டு வருஷம் ஒன்றாய்ப் படுத்து எழுந்தவளுக்குத் தெரியாதா?

“சந்தோசமுங்களா?” என்றாள். “சொல்லுங்க. மோட்டாரு எரிஞ்சது சந்தோசமுங்களா உங்களுக்கு?”

அவர் நாற்காலிப் பக்கம் திரும்பினார். அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வழிக்கு ஆகும் என்று கொண்டுபோயிருந்த ஸ்பேனரை வீசிப்போட்டாள். “நானு வாரம் பூராத் தலைகீழா நின்னுட்டிருக்கறேன். நீங்க பாத்துட்டு நிக்கறீங்க. போறதுக்கு இஷ்டமில்லீன்னாச் சொல்லிப்போட்டுப் போங்களே!”

“பயமா இருக்குது ஜெபா,” என்றார் சந்தியாகு.

இந்த நாலு மாசத்தில் அவர் அதைச் சொன்னதே இல்லை. சொன்னதும் நல்ல கண்ணிலும் தண்ணீர், போன கண்ணிலும் தண்ணீர். “அங்க நானு ஒத்தையாக் கெடந்தேன். அத்தனை பேரு போனாங்க. ஒருத்தரும் திரும்பிப் பாக்கலை. உன்ற பேரைச் சொல்லிக் கூப்புட வாயி வரலை. அந்த எடத்தை நெனச்சாலே காலு ரெண்டும் மரமாயிருது. மோட்டாரு வெச்சாலும் அப்பிடித்தான், வெக்காட்டியும் அப்பிடித்தான்.”

ஜெபராணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மோட்டார் இல்லை என்பதற்காக இந்த ஆள் போகாமல் இருக்கவில்லை. போகாமல் இருப்பதற்கு மோட்டார் இல்லாதது ஒரு சாக்கு. பயத்தை எடுத்துப்போட அவளுக்கு வழி தெரியாது. அதற்குக் கம்பி எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால் சாக்கைப் பிடுங்கிவிடலாம். ஸ்பேனரைத் தேடி எடுத்தாள்.

மறுநாள் ஸ்டேட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சஹீர் கடைக்குப் போனாள். ஃபேன், கிரைண்டர் மோட்டார் சுற்றுகிறவர், அவளைவிடப் பத்து வயசு இளையவர். எனாமல் பூசின மெல்லிசுக் கம்பி, அதற்கு வார்னிஷ், வார்னிஷை இறுக்க அடுப்பு எல்லாம் அவரிடம்தான் உண்டு. உருகி வழிந்திருந்ததைப் பார்த்த சஹீர் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏனக்கா, இதச் சுத்துனதுதான் சுத்துனீங்க, கூடவே ஒரு கெணறும் வெட்டிக் குடுத்திருக்கலாமுல்லங்க?”

வேறு நாளாக இருந்தால் அவர் உடம்பில் தோல் மிஞ்சியிருக்காது. அன்றைக்கு ஜெபராணி ஸ்டேட்டரை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். “சொல்லிக் குடு சஹீரு,” என்றாள். கம்பி எத்தனை மெலிசு, இரண்டு இழை சேர்த்துச் சுற்றினால் எத்தனை லகு, வார்னிஷில் எவ்வளவு நேரம் ஊறணும் என்று கேட்டுக் கேட்டுச் செய்தாள். சுற்று அதே பதினாலுதான். உறை இல்லாததால் அதே இடத்துக்குள் செம்பு கூடுதலாகப் போனது. நடுவில் சஹீர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாட்டினாள். இந்தத் தடவை தண்ணீர் கேன் போதாது என்று நாச்சியம்மாள் அக்கா வீட்டு கிரைண்டர் கல்லையும் கேரியரில் வைத்துக் கட்டினாள். “மாவாட்டற கல்லுக்கு ஊர்கோலமா?” என்றார் அக்கா. பாலத்தில் மூன்று தடவை ஏறி மூன்று தடவை இறங்கினாள். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி மூக்கை வைத்து மோந்து பார்த்தாள், கை வைத்துப் பார்த்தாள். ஆறின டீ டம்ளர் அளவுக்குச் சூடு, அவ்வளவுதான். வேகம் மட்டும் மட்டம். பள்ளிக்கூடப் பொடிசுகள்கூட முந்திக்கொண்டு போயின. ‘போங்கடா போங்க,’ என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை கம்பெனிக்கு லீவு சொன்னாள். காலையில் எழுந்து டீ போட்டு, கேனில் ஊற்றி, முன் கூட்டில் இறக்கி வைத்தாள். பன் பையை எடுத்துக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“வாங்க, எடுங்க வண்டிய.”

சந்தியாகு பேயறைந்தவர் மாதிரி நின்றார். “நீ எதுக்குப் புள்ள ஏறியிருக்கற?”

“நானும் வாரேன். மோட்டாரு என்னையும் சேத்து இழுத்துருச்சுன்னா அப்புறம் உங்களை இழுக்காதுன்னு சொல்ல முடியாதுல்ல? எம்பத்தி ரெண்டு கிலோங்க. எந்த கிரைண்டர் கல்லும் இந்த எடை வராது.”

நாச்சியம்மாள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கம்பக்கத்து ஜன்னலெல்லாம் திறந்துகொண்டன. அந்த வெட்கம் தாங்காமல்தான் அவர் ஏறினார் என்று ஜெபராணி பிற்பாடு சொல்லுவாள். எப்படியோ, ஏறினார். திருச்சி ரோட்டுக்கு வந்தார்கள். ஆடிக் காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ளியது. முதல் சிக்னலில் அவர் மூச்சு சத்தம் கேட்டது. அவள் அவருடைய சட்டையை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். தைரியம் சொல்லவெல்லாம் அவளுக்கும் வாய் வரவில்லை. ‘ஏசுவே, ஏசுவே’ என்பதுதான் உள்ளுக்குள் ஓடியது. இந்த ஆளுக்கு ஒன்று ஆனால் கட்டாயப்படுத்திக் கூட்டிவந்தவள் நான்தானே என்று சட்டையை இன்னும் இறுக்கினாள்.

பாலம் ஏற ஆரம்பித்தது. அவர் மிதித்துக்கொண்டிருந்தார், மோட்டார் ரீங்காரமிட்டது. அந்த இடம் வந்தது. எந்த இடம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையில் பிடித்திருந்த சட்டைக்குள் முதுகு கல்லாக இறுகியது. பெடல் நின்றது. அவர் சொன்னது போலவே கால் இரண்டும் மரமாகிவிட்டன.

ஆனால் கை த்ராட்டிலில் இருந்தது. பயத்தில் அதையும் விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தார். அதனால் வண்டி நிற்கவில்லை.

பெடல் அசையாமல், இரண்டு ஆள், ஒரு கேன் டீ, அறுபது பன் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அந்த சைக்கிள் தானாக ஏறியது. எறும்பு ஊர்கிற வேகம்தான். ஆனால் நிற்கவில்லை. ஜெபராணி மூக்கை விடைத்து விடைத்து மோந்தாள், எந்த நாற்றமும் இல்லை. விளக்குக் கம்பங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று பின்னால் போயின. தன்னையறியாமல் வாய்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். ஏழாவதில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. உச்சி.

“ஜெபா,” என்றார் சந்தியாகு. எண்ணும்போது பேசினார், அவள் திட்டவில்லை. “நானு மிதிக்கவே இல்லை ஜெபா.”

“தெரியுமுங்க.”

“அந்த எடம் பின்னால போயிருச்சு.”

“போகட்டுமுங்க. நீங்க முன்னால பாருங்க, லாரி வருது.”

இறக்கத்தில் அவர் பிரேக்கைப் பிடிக்கவே இல்லை. ஒரு பஸ்காரர் ஜன்னலில் எட்டி, “ஏண்ணா, ஜோடியா டூரா?” என்று கத்தினார். சந்தியாகு சிரித்தார். நாலு மாசமாக அந்தச் சிரிப்பு எங்கே போயிருந்ததோ, கர்த்தருக்குத்தான் தெரியும்.

பாலம் இறங்கினதும் முதல் பட்டறைச் சந்து முனையில் வண்டியை நிறுத்தினார். ஒரு காலை ஊன்றிக்கொண்டு மணியைப் பார்த்தார். பத்து இருபத்தைந்து.

“எறங்கு,” என்றார்.

“ஏனுங்க, நெஞ்சு ஏதாச்சும்...”

“நெஞ்சுக்கு என்ன, நல்லாத்தான் இருக்குது. எறங்கு ஜெபா, நேரமாயிருச்சு. உன்னையும் வெச்சுட்டு இந்த வேகத்துல போனா, ஆளுங்க வேற பக்கம் டீ குடிச்சுப் போடுவாங்க.” அவள் இறங்கியதும் கையிலிருந்த பையை வாங்கிக் கேரியரில் வைத்துக் கயிறு போட்டு இறுக்கினார். “நீ பஸ்ஸப் புடிச்சுக் கம்பெனிக்குப் போ. அரை நாள் லீவு போதும்.”

த்ராட்டிலைத் திருகினார். திரும்பிக்கூடப் பார்க்காமல் போயே விட்டார். சந்துக்குள்ளிருந்து, “அடேய், சந்தியாகண்ணன் வந்துட்டாருடா!” என்று யாரோ கூவுகிற சத்தம் வந்தது. பிறகு நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன.

ஜெபராணி நடுரோட்டில், கையில் பர்ஸ்கூட இல்லாமல், வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். “என்ன கொழுப்புன்னு பாரு! வாரம் பூராச் சுத்துனவ நானு, எறக்கிவுட்டுட்டுப் போறதப் பாரு இந்த மனுசன்!” என்று சத்தமாகவே திட்டினாள். திட்டிக்கொண்டே பஸ் ஸ்டாப் திண்டில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை பொங்கிவிட்டது. தோள் குலுங்க, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதாள். பக்கத்தில் கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா பதறிப்போனார்.

“ஏங்கண்ணு, என்னாச்சு? எதுக்கு அழுவறே?”

“எங்கூட்டுக்காரருங்க,” என்றாள் ஜெபராணி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. “என்னைய எறக்கிவுட்டுட்டுத் தனியாப் போயிட்டாருங்க.”

“அடப் பாவமே!”

“பாவமெல்லாம் இல்லீங்க,” என்றாள். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. “நாலு மாசமா மண்டி போட்டுக் கேட்டது இதுக்குத்தானுங்க.”